மணலில் எழுதிய பாடம்: பெருந்தொற்றுக் காலக் கல்லூரிகளைப் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் நோக்கி வடக்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோட்டக்குப்பத்தையும் சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி ஆகிய ஊர்களையும் கடந்தால் பொம்மையார்பாளையம் வரும். ஒருபுறம் மீனவர் குடியிருப்பும் கடலும். மறுபுறம் செம்மண் மேடு. வார இறுதியில் ஆரோவில்லுக்கு விரையும் ஊர்திகளில் இருப்போர் இவ்வூரைக் கவனிப்பதில்லை. ஆனால் தமிழிலக்கிய வாசகர்கள் சற்றே நின்று செல்ல வேண்டிய ஊர் இது. வீரசைவ மரபைச் சேர்ந்த பொம்மபுர ஆதீனம் வேர்கொண்ட இடம் இதுதான். அதே ஆதீனம்தான் பிற்காலத்தில் மயிலத்தில் ஒரு தமிழ்க் கல்லூரியை 1938இல் நிறுவிப் பல தலைமுறைத் தமிழாசிரியர்களை உருவாக்கியது.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறைமங்கலம் சிவப்பிரகாசரின் வாழ்க்கையோடு இவ்வூரின் பெயர் பிணைந்திருக்கிறது. காஞ்சிபுரத்தில் பிறந்த அவர், பெரம்பலூரை அடுத்த துறைமங்கலத்தில் தங்கிப் புகழ்பெற்றவர். இலக்கணம் கற்கும் பொருட்டுத் தாமிரபரணிக் கரையிலுள்ள சிந்துபூந்துறைவரை சென்று, வெள்ளியம்பலத் தம்பிரானிடம் பாடம் கேட்டவர். பொம்மபுரத்துச் சிவஞான பாலய சுவாமிகளைத் தம் ஞானாசிரியராகக் கொண்டு, அவர்மீது தாலாட்டும் கலம்பகமும் நெஞ்சுவிடு தூதும் பாடியவர். முப்பத்திரண்டே ஆண்டுகள் வாழ்ந்தார் என்பர். நாற்பது வெண்பாக்களாலான 'நன்னெறி'யை அவர் கடற்கரை மணலில் விரலால் எழுத, உடனிருந்த மாணாக்கர்கள் அதனை ஏட்டில் எடுத்தெழுதிக்கொண்டார்கள் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. அவர் உலவிய இக்கடற்கரையை நினைக்காமல் அச்செய்தியை நம்மால் படிக்க முடிவதில்லை.

அது நடந்ததா, பின்னாளில் புனையப்பட்டதா என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். அதனுள்ளே கல்வியைப் பற்றிய ஓர் உண்மை இருக்கிறது. மணல் நிலையற்ற பரப்பு. அடுத்த அலை வரும்வரையே வெண்பாவுக்கு ஆயுள். ஆயினும் நூல் இன்று நம் கையில் இருக்கிறது. காரணம், ஏடும் எழுத்தாணியும் ஏந்தி அருகில் அமர்ந்திருந்த மாணாக்கர்கள்.

2020 மார்ச் முதல் 2022 பிப்ரவரி வரை, இடையிடையே சில மாதங்கள் நீங்கலாக, தமிழ்நாட்டுக் கல்லூரிகள் மணலினும் நிலையற்றதொரு பரப்பில் பாடம் எழுதின. அது அலைபேசித் திரை. எங்கள் குழுவில் சிலர் அக்காலத்தில் கல்லூரிகளில் பாடம் சொன்னவர்கள்; சிலர் பாடம் கேட்டவர்கள். அந்த இரண்டாண்டுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எங்களுக்குள் நகைச்சுவைத் துணுக்குகளே முதலில் வருகின்றன. நாட்களும் நிகழ்ச்சிகளும் அதற்குள்ளாகவே குழம்பிவிட்டன. எனவே நினைவு முற்றிலும் அழியுமுன் ஒரு வரலாற்றுக் குறிப்பாக எழுதி வைக்க முனைந்தோம். பொம்மையார்பாளையத்தைத் தேர்ந்ததற்கு மணலில் எழுதிய கதை மட்டும் காரணமன்று. அதன் நில அமைப்பும் காரணம்.

இவ்வூர் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் இதற்கு வடக்கே சிறிது தொலைவிலுள்ள காலாப்பட்டு புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு உட்பட்டது. 1985இல் நிறுவப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகமான புதுவைப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அடுத்துள்ள பிள்ளைச்சாவடியில் புதுச்சேரி பொறியியல் கல்லூரி. அது பெருந்தொற்றுக்கு நடுவிலே, 2020இல், தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தெற்கே புதுச்சேரி நகரின் கல்லூரிகள். மேற்கே திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரசு கலைக் கல்லூரிகளும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளும் உள்ளன. புதுச்சேரி நகரிலிருந்து காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவர், வழியில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து மீண்டும் புதுச்சேரிக்குள் சென்றாக வேண்டும். வழக்கமான நாட்களில் இந்த எல்லைகள் யார் கண்ணிலும் படுவதில்லை. 2020இல் பட்டன.

உலக நலவாழ்வு அமைப்பு 2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 16 அன்று தமிழ்நாடு அரசு, மாத இறுதிவரை கல்வி நிலையங்களை மூடுவதாக அறிவித்தது. இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கையில், விடுதி அறைகளில் புத்தகங்களையும் துணிமணிகளையும் விட்டுவிட்டே பெரும்பாலான மாணவர்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பேருந்துகள் நின்றன. புதுச்சேரி அரசு தன் எல்லைகளை அடைத்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல மின்னனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. மே மாதத்தில், சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தொற்று பரவியது. கல்லூரிக் கட்டடங்களும் விடுதிகளும் நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் மையங்களாயின. சென்னையில் அண்ணா பல்கலைக்கழக விடுதிகளே அதற்காகக் கேட்கப்பட்டன. கல்லூரி என்னும் இடம் மாணவருக்கு மூடப்பட்டதோடு நில்லாமல், வேறொரு பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

உலகளவில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் அவ்வாண்டு இவ்வாறு வகுப்பறையை இழந்தார்கள் என ஐக்கிய நாடுகள் அவை கணக்கிட்டது. எங்கும் சொல்லப்பட்ட மாற்று ஒன்றே: இணையம்.

தொலைவிலிருந்து கற்பது தமிழருக்குப் புதிதா என்றால், இல்லை. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அவ்வழியில் வந்தன. பழுப்பு உறையில் வந்த பாட நூல்களைப் படித்துப் பட்டம் பெற்ற எழுத்தர்களும் ஆசிரியர்களும் காவலர்களும் இல்லாத தெரு தமிழ்நாட்டில் அரிது. 1984 ஆகஸ்ட் 15 முதல் தொலைக்காட்சியில் பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்வி ஒளிபரப்பு வந்தது. 2003இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் இணைந்து தம் பேராசிரியர்களின் பாடங்களைப் பதிவு செய்து அனைவருக்கும் வழங்கும் திட்டத்தைத் தொடங்கின. சென்னைக் கழகம் அதில் முன்னின்றது. 2004இல் கல்விக்கென்றே ஒரு செயற்கைக்கோள் ஏவப்பட்டது.

இலக்கிய வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பிறந்தது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றிய வா.செ. குழந்தைசாமி அதற்கு வழிகாட்டினார். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் அது, உலகெங்கும் பரவிய தமிழர்க்கு இணையத்தின் வழியே தமிழ் கற்பிக்க முனைந்தது. ஆகவே பெருந்தொற்று வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இணையவழிப் பல்கலைக்கழகமும் இணைய நூலகமும் இருந்தன.

அப்படியிருந்தும் 2020இல் நாம் ஏன் தடுமாறினோம்? அஞ்சலில் படித்தவர், வேலைக்குச் சென்றுகொண்டே படிக்க விரும்பித் தாமே அவ்வழியைத் தேர்ந்தவர். அவருக்கு அனுப்பப்பட்ட பாடமும் தனியே படிப்பவருக்கென எழுதப்பட்டது. 2020இல் இணையத்துக்கு வந்த மாணவர் அவ்வழியைத் தேர்ந்தவர் அல்லர். அவருக்குச் சொல்லப்பட்ட பாடமோ, அறுபது பேர் அமர்ந்த அறையில் கரும்பலகையின் முன்னின்று சொல்வதற்காக அமைந்தது. பாதை பழையதுதான்; ஆனால் அது அதுவரை பக்கவாயிலாக இருந்தது. திடீரெனத் தலைவாயில் பூட்டப்பட்டு, ஊரே பக்கவாயிலில் நெருக்கியடித்து நின்றது.

அந்த நெருக்கடியின் அளவைச் சில எண்கள் காட்டும். 2019-20ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 51.4 விழுக்காடு, இந்திய அளவில் அது 27.1 மட்டுமே. கல்லூரி வயதினரில் இருவருக்கு ஒருவர் கல்லூரியில் இருந்தார்கள் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. ஆனால் அதன் உள்ளுறை, அவர்களுள் பெரும்பகுதியினர் தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் தலைமுறையினர் என்பது. மறுபுறம், 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்திய நாட்டுப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 விழுக்காடு, இணைய வசதி பெற்றிருந்தவை 14.9 விழுக்காடு. நகரங்களில் முறையே 23.4, 42.0. தமிழ்நாடு 2011 முதல் விலையில்லா மடிக்கணினி வழங்கிவந்ததால் நம் மாணவர்களுள் சிலரிடம் கணினி இருந்தது. ஆனால் கணினி மட்டும் போதுமா? அதை உலகோடு இணைக்க அலைக்கற்றை வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

கடற்கரை ஊர்களில் அப்போது பணம் எங்கிருந்து வரும்? ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் அறுபத்தொரு நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். 2020இல் ஊரடங்கு அதற்கு முன்பே வந்து சேர்ந்தது. தடைக்காலத்தை அரசு அவ்வாண்டு குறைத்துக்கொண்டபோதிலும், சந்தையும் போக்குவரத்தும் முடங்கியிருந்த நிலையில் மீனவர்க்குப் பல வாரங்கள் வருமானமின்றிக் கழிந்தன. அந்த வாரங்களில்தான் கல்லூரிகளிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: திங்கள் முதல் இணையவழி வகுப்பு.

எங்களுள் ஒருவர் அப்போது இக்கரையோர மாணவர்கள் பலர் பயின்ற ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தார். அவர் சொல்வதை அப்படியே தருகிறோம். "முதல் வாரம் வகுப்பில் ஐம்பது பெயர்கள் தெரிந்தன. மூன்றாம் வாரம் இருபது. முகம் எதுவும் தெரியாது. அலைக்கற்றை தீர்ந்துவிடும் என்பதால் ஒளிப்படக்கருவியை அணைத்து வைத்திருப்பார்கள். குறுந்தொகை நடத்திக்கொண்டிருப்பேன். கேட்கிறதா என்று வினவினால் நெடுநேரம் மௌனம். பிறகு யாரோ ஒருவர், ஐயா கேட்கிறது என்பார். அவர் குரலுக்குப் பின்னால் மீன் ஏலம் போகும் ஓசையும் குழந்தை அழும் ஓசையும் வரும். ஒரு மாணவி எப்போதும் பத்து நிமிடம் தாமதமாகவே வருவாள். ஒருநாள் கண்டித்தேன். தம்பியின் வகுப்பு முடிந்த பிறகுதான் ஐயா கைப்பேசி எனக்குக் கிடைக்கும் என்றாள். அதன்பின் நான் யாரையும் தாமதத்துக்காகக் கண்டித்ததில்லை."

ஒரு கைப்பேசியை மூவர் பங்கிட்ட வீடுகள் உண்டு. அதுவும் தந்தையின் கைப்பேசியாக இருந்தால், ஊரடங்கு தளர்ந்து அவர் வேலைக்குக் கிளம்பிய அன்று பிள்ளைகளின் கல்லூரியும் அவர் சட்டைப்பையில் கிளம்பிவிடும். நாளடைவில் நேரடி வகுப்புகள் மெலிந்து, ஆசிரியர் தம் குரலைப் பதிவு செய்து வாட்சப் குழுவில் இடுவதும், கையால் எழுதிய குறிப்புகளைப் படமெடுத்து அனுப்புவதுமே பல கல்லூரிகளின் நடைமுறை ஆயிற்று. ஆய்வுக்கூடம் தேவைப்பட்ட வேதியியல் மாணவரும் களப்பணி தேவைப்பட்ட சமூகப்பணி மாணவரும் என்ன செய்தார்கள் என்பதைத் தனியே எழுத வேண்டும்.

இவ்வாறு சொல்வதால் இணையவழியில் நன்மையே இல்லை என்று நாங்கள் வாதிடுவதாக வாசகர்கள் கொள்ள வேண்டாம். பொம்மையார்பாளையத்துக்கும் காலாப்பட்டுக்கும் இடையே அடைக்கப்பட்ட எல்லையை இணையம் பொருட்படுத்தவில்லை. சாலையில் தடுத்து நிறுத்தப்பட்ட மாணவர், திரையில் தடையின்றி எல்லை கடந்தார். நூலகங்கள் பூட்டிக்கிடந்தபோது மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் ஈழத்து நூலகத் திட்டமும் திறந்தே இருந்தன. முதுகலைத் தமிழ் மாணவர்கள் பலர் இந்தக் களஞ்சியங்களை முதன்முதலாக அறிந்தது அப்போதுதான். யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் இருந்த அறிஞர்களின் உரைகளை, விமானச் செலவுக்கு வழியில்லாத சிறு கல்லூரிகளும் கேட்க முடிந்தது. 2020இன் கோடையில் தமிழ்த்துறைகள் நடத்திய இணையவழிப் பன்னாட்டுக் கருத்தரங்குகளுக்குக் கணக்கில்லை. பத்து வினாக்களுக்கு விடையளித்தால் மின்சான்றிதழ் தானே வந்துசேரும். ஒரே நாளில் மூன்று கருத்தரங்குகளில் பங்கேற்று மூன்று சான்றிதழ் பெற்ற பெருமை எங்களுள் ஒருவருக்கு உண்டு! மூன்றில் எதிலும் அவர் முழுமையாக அமர்ந்ததில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார்.

2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே, மரக்காணத்தை ஒட்டிய இதே கடற்கரையைக் கடந்தது. புயல் கடந்த பகுதிகளில் மின்சாரம் போயிற்று. மின்னேற்றம் இன்றிக் கைப்பேசிகள் அணைந்தன. புயல் மழைக்காகக் கல்லூரிகளுக்கு விடுமுறை விடுவது பழைய வழக்கம். ஆனால் வேறோர் ஊரிலிருந்து இணையத்தில் நடைபெறும் வகுப்புக்கு, இங்கே மின்சாரம் இல்லை என்பது தெரியாது. வருகைப்பதிவேட்டில் மாணவர் வரவில்லை என்றுதான் பதிவாகும். நிலத்தில் காலூன்றிய கல்லூரிக்கும் திரையில் மிதக்கும் கல்லூரிக்கும் உள்ள வேறுபாட்டை அந்த வாரம் தெளிவாகக் காட்டியது எனலாம்.

அரசின் உதவி 2021 ஜனவரியில் வந்தது. கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி அளவிலான அலைக்கற்றை அட்டை விலையின்றி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் இணைய வகுப்பு தொடங்கி ஒன்பது மாதங்கள் கடந்திருந்தன. கடலுக்கு அப்பால் இலங்கையில், பல்கலைக்கழகங்களின் இணையவழிப் பாடங்களை மாணவர்கள் கட்டணமின்றிப் பெறத் தொலைத்தொடர்பு நிறுவனங்களோடு 2020இலேயே ஏற்பாடு செய்யப்பட்டது. அங்கும் குறைகள் இருந்தன. ஆயினும் வகுப்பு தொடங்கும்போதே கட்டணத்தைப் பற்றிச் சிந்தித்தார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

இனி, இக்காலத்து ஆவணங்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தபோது எங்களுக்குத் தோன்றிய ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசாணைகள், பல்கலைக்கழக மானியக் குழுவின் சுற்றறிக்கைகள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றுள் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. அது கற்பித்தல் அன்று, தேர்வு.

மானியக் குழு 2020 ஏப்ரல் 29 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஜூலை 6 அன்று அவற்றைத் திருத்தி, இறுதியாண்டுத் தேர்வுகளைச் செப்டம்பர் இறுதிக்குள் நடத்தியே ஆகவேண்டும் என்றது. ஜூலையில் தமிழ்நாடு அரசு மற்ற ஆண்டினரின் பருவத்தேர்வுகளை விலக்கியது. ஆகஸ்ட் 26 அன்று, கட்டணம் செலுத்தியிருந்தோருக்கு நிலுவைப் பாடத் தேர்வுகளிலிருந்தும் விலக்கு அளித்தது. இரண்டு நாள் கழித்து உச்சநீதிமன்றம், இறுதியாண்டு மாணவர்களுக்குத் தேர்வின்றிப் பட்டம் அளிக்கக்கூடாது என்றது. நிலுவைத் தேர்வு விலக்கு வழக்காகி, தேர்வின்றித் தேர்ச்சி அளிப்பதை ஏற்கவியலாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஏப்ரலில் கூறியது.

தேர்வுகள் நடந்த விதமும் பதிவுக்குரியது. 2020 செப்டம்பரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு மாணவர்கள், பல விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் ஒரு மணிநேரத் தேர்வை, மென்பொருள் ஒன்று தம்மைக் கண்காணிக்க வீட்டிலிருந்தே எழுதினார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் வினாத்தாளை இணையத்தில் வெளியிட்டது. மாணவர்கள் வீட்டில் தாளில் எழுதி, அதை இணையத்தில் ஏற்றலாம் அல்லது அஞ்சலில் அனுப்பலாம். அரை நூற்றாண்டுக்கு முன் தமிழ்நாட்டுக் கல்வியில் நுழைந்த அஞ்சலகம், இணையக் கல்வியின் உச்ச நாளிலும் கைகொடுத்தது!

விழுப்புரம் மாவட்டத்து மாணவர்க்கு இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. அதுவரை இம்மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகம் சட்டமன்றத்தில் உருவாயிற்று. ஆட்சி மாறிய பின், அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. கல்லூரியையே கண்ணால் காணாத ஒரு மாணவர், தம் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒரே ஆண்டில் இருமுறை மாறியதைக் கைப்பேசியில் செய்தியாகப் படித்தார்.

2020 டிசம்பரில் இறுதியாண்டினருக்கும் 2021 பிப்ரவரியில் ஏனையோருக்கும் கல்லூரிகள் திறந்தன. மார்ச் இறுதியில் மீண்டும் இணையத்துக்குத் திரும்பின. இரண்டாம் அலையின் மே மாதத்தைப் பற்றி நாங்கள் எழுத விரும்பவில்லை; வகுப்பில் ஒரு பெயர் வராதபோது ஏனென்று கேட்க அஞ்சிய நாட்கள் அவை. செப்டம்பர் 1 அன்று கல்லூரிகள் மறுபடி திறந்தன. நவம்பரில், இணையத்தில் நடத்திய பாடத்துக்கு இணையத்திலேயே தேர்வு வேண்டும் என மாணவர்கள் தமிழ்நாடெங்கும் போராடினார்கள். நேரடித் தேர்வே என்றிருந்த அரசு, ஓமிக்ரான் பரவலால் 2022 ஜனவரியில் இணையவழித் தேர்வுக்கு இசைந்தது. பிப்ரவரி 1 அன்று கல்லூரிகள் திறந்தபின் அவை பெரிய அளவில் மூடப்படவில்லை.

அந்தப் போராட்டத்தைக் கண்டு பலர் சினந்தார்கள். பார்த்து எழுதிப் பழகிவிட்டார்கள் என்று ஏளனமும் செய்தார்கள். ஏளனத்தில் ஓரளவு உண்மை உண்டு என்பதை விடைத்தாள் திருத்திய எவரும் மறுக்கமாட்டார். ஆனால் மாணவர்கள் அன்று சொன்னதை வேறொரு வகையிலும் கேட்கலாம். எங்களுக்குப் பாடம் வந்து சேரவில்லை, சேராத பாடத்தில் சேர்ந்ததுபோல் தேர்வு எழுதச் சொல்லாதீர்கள் என்பதே அதன் பொருள். அந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கல்வியுலகம் காது கொடுத்துக் கேட்டிருந்தால், விட்டுப்போன பாடங்களை மீண்டும் நடத்த ஏதேனும் வழி கண்டிருக்கும். ஆனால் சண்டை தேர்வோடு முடிந்தது. மதிப்பெண் பட்டியல்கள் வந்தன, பட்டங்கள் வழங்கப்பட்டன, கணக்கு நேரானது.

முதல் தலைமுறை மாணவருக்குக் கல்லூரி தந்தது பாடம் மட்டுமா? பேருந்தில் செல்லும் ஒரு மணிநேரம்; வீட்டு வேலையிலிருந்து விடுதலையான ஒரு பகல்; சாய்ந்து படிக்க ஒரு மரத்தடி; மின்விசிறி சுழலும் நூலகம்; சாதியும் தொழிலும் வேறான நண்பர்கள்; வகுப்பு முடிந்ததும் தாழ்வாரத்தில் ஆசிரியரிடம் தனியே கேட்கும் ஓர் ஐயம். குறிப்பாகப் பெண்களுக்கு, வீட்டைவிட்டு வெளியே வர ஊரார் ஒப்புக்கொண்ட ஒரே காரணம். கல்லூரி அவர்களுக்கு முதலில் ஓர் இடம், பிறகுதான் பாடத்திட்டம். இணையம் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. இடத்தைக் கொண்டுவர அதனால் ஆகவில்லை. 2021 மே மாதத்தில் மானியக் குழு, ஒரு பாடத்தின் நாற்பது விழுக்காடுவரை இனி இணையவழியில் நடத்தலாம் என்ற கருத்துருவை வெளியிட்டபோது, அந்த நாற்பது விழுக்காட்டு நேரத்தை மாணவர் எந்த இடத்தில் இருந்து கற்பார் என்ற வினாவே முதலில் எழுந்திருக்க வேண்டும்.

சிவப்பிரகாசரின் கதைக்குத் திரும்புவோம். பொம்மையார்பாளையத்துக் கடற்கரை இன்று மெலிந்திருக்கிறது. புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980களில் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டு, வடபுற ஊர்களைக் கடல் அரித்துவருகிறது. அவர் எழுதியதாகச் சொல்லப்படும் மணல்வெளியில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதைக் கடல்தான் சொல்ல வேண்டும். மணல் போனாலும் வெண்பா இருக்கிறது.

அந்த இரண்டாண்டுகளில் ஆசிரியர்கள் பதிவு செய்த குரல்கள் எங்கே? எங்கள் நண்பரான தமிழாசிரியர், தாம் குறுந்தொகை நடத்திய பதிவுகளைத் தேடிப் பார்த்தார். கைப்பேசி மாற்றியபோது பாதி போயிற்று. இடம் போதவில்லை என்று மீதியை அவரே அழித்திருந்தார். மாணவர்களைக் கேட்டார். பலரும் அப்படியே. ஒரே ஒரு மாணவி மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். தம்பியின் வகுப்பு முடியும்வரை காத்திருந்தவள்தான். அலைக்கற்றை எப்போது அறுபடும் என்று தெரியாததால், கேட்டதையெல்லாம் உடனுக்குடன் எழுதி வைத்திருந்தாள். சில பக்கங்களில் வரி பாதியில் நிற்கிறது. ஓரத்தில் 'இங்கே கேட்கவில்லை' என்று சிறிய எழுத்தில் குறித்திருக்கிறாள்.

பெருந்தொற்றுக் காலக் கல்லூரியைப் பற்றி நாங்கள் இதுவரை கண்ட ஆவணங்களுள் நேர்மையானது அந்த நோட்டுப் புத்தகமே. அதுபோன்றவை இன்னும் எத்தனையோ வீடுகளின் பரண்களில் இருக்கக்கூடும். பழைய தாள் வாங்க வருபவரிடம் எடைக்குப் போட்டுவிடுமுன், வாசகர்கள் ஒருமுறை தம் பரணைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.